ஒப்பந்தப் பதிவேட்டில் என் கையெழுத்து

சென்ற மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்தேகாலுக்கு, நான் வேலை பார்த்த தகவல் தொடர்புப் பிரிவிலிருந்து பாத்திமா தொலைபேசியில் கூப்பிட்டார். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த பொறியாளர் அவர். அப்பாவுக்கு விருத்தாசலத்தில் பாத்திரக்கடை என்று சொல்லிக் கேள்வி, நேரில் பார்த்ததில்லை.

"சார், பழைய ரெக்கார்டு ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஒப்பந்தப் பணிப் பதிவேடு ஒண்ணு கையில இருக்கு. முழுக்க கான்ட்ராக்ட் ஆளுங்க கையெழுத்துதான். நடுவுல ஒரே ஒரு பக்கத்துல மட்டும் நீங்க போட்டிருக்கீங்க. ஏன் சார்?"

"பக்கத்துல வேற ஏதாவது இருக்காம்மா?"

"பச்சை மையில ஒரு கேள்விக்குறி இருக்கு சார். இனிஷியல் இல்ல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "பிங் வகையறாச் செய்தி எல்லாத்தையும் மூடச் சொல்லி இப்ப மறுபடி ஒரு சர்க்குலர் வந்திருக்கு. பேசாம மூடிடலாமா, இல்ல இந்தப் பக்கத்துக்கும் அதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?"

"இருக்கு. எழுதி அனுப்பறேன்" என்றேன்.

முப்பத்தோரு ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். தேதிகள் எல்லாம் அதில் இருக்கின்றன. இங்கே கிழமையையும் மணியையும் மட்டும் தருகிறேன். தேதி சொன்னால் யார் யார் என்று நெய்வேலி நகரியத்தில் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று தோன்றினால், மேலே படியுங்கள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தொழிலாளியாகச் சேர்ந்தவன். கம்பியில் வரும் இரைச்சலைக் கேட்டே எந்தக் கம்பத்தில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று சொல்லப் பழகினேன். எக்ஸ்சேஞ்ச் சுருங்கியதும் ஆறு வாரப் பயிற்சி கொடுத்து கணினி வலைப்பின்னலுக்கு மாற்றினார்கள். அந்த ஆறு வாரத்தில் மனத்தில் நின்றது ஒன்றே ஒன்று. ரவுட்டர் என்ற பெட்டி தகவலை ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற்றிவிடுகிறது. தகவல் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பொட்டலத்தைக் கொண்டுசேர்க்க முடியாவிட்டால் ரவுட்டர் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் எறிந்துவிட்டுச் சும்மா இருக்காது. அனுப்பியவருக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்பும். 'நீ சொன்ன இடத்துக்கு வழி இல்லை.' 'பொட்டலம் சுற்றிச் சுற்றியே ஆயுள் முடிந்துவிட்டது.' 'இதற்கு மேல் பாதை குறுகல், சிறிதாக்கி அனுப்பு.' யாரும் கேட்காமல் அது தானாகச் சொல்பவை இவை. 'இருக்கிறாயா' என்று நாம் கேட்க, 'இருக்கிறேன்' என்று அது பதில் சொல்வதும் இதே குடும்பத்துச் செய்திதான். அதைத்தான் பிங் என்கிறோம். பிங் எல்லோருக்கும் தெரியும். மற்ற செய்திகளை யாரும் மதிப்பதில்லை. அன்று நானும் மதிக்கவில்லை.

எங்கள் பிரிவுத் தலைவரைச் சுந்தரேசன் என்று வைத்துக்கொள்கிறேன். கெட்டிக்காரர். கை சுத்தம். தன் மேசையில் வேறு யாருடைய பேனாவும் இருக்க விடமாட்டார். பச்சை மைப் பேனாவின் மூடியைக் கழற்றாமலே பாதி நாள் கையில் வைத்திருப்பார். எந்தக் கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார். முதல் தடவை நேராக, பத்து நிமிடம் கழித்து வேறு வார்த்தைகளில். இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். எங்கே என்ன கோளாறு வந்தாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "கடைசியா கை வெச்சது யாரு?"

அதற்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பதிவேடு. நாள், இடம், செய்த வேலை, செய்தவர் பெயர், கையெழுத்து, ஓரத்தில் தலைவரின் இனிஷியல். ஒப்பந்தப் பணியாளர் ஒரு கேபிளை மாற்றினாலும் அதில் எழுத வேண்டும். எங்களைப் போன்ற பெர்மனென்ட் ஆட்கள் எழுதுவதில்லை. அப்படி ஓர் உத்தரவு எங்கும் இல்லை, வழக்கம், அவ்வளவுதான். நாங்கள் செய்வது வேலை, அவர்கள் செய்வது மாற்றம் என்பது போல. ஆகவே கோளாறு வந்து பதிவேட்டைப் பிரித்தால் கடைசியாகக் கை வைத்தவர் எப்போதுமே ஓர் ஒப்பந்தப் பணியாளராகத்தான் இருப்பார். இருபது ஆண்டுகளில் இது எனக்கு ஒரு தடவையும் உறைக்கவில்லை.

நான் ஓய்வு பெற நான்கு ஆண்டுகள் இருந்தன. ஆடி மாதம். ஒரு வியாழக்கிழமை பிற்பகல் சுந்தரேசன் என்னைக் கூப்பிட்டு ஒரு அச்சுத்தாளை நீட்டினார். அடையாளம் தெரியாத ஒரு முகவரியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எங்கள் சர்வர்களுக்கெல்லாம் பிங் வந்துகொண்டிருந்தது.

"யாரோ நம்ம வீட்டுக் கதவை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டு இருக்கான். எது திறந்திருக்குன்னு நோட்டம் விடறான். மைய ரவுட்டர்ல இந்த வகைச் செய்தி மொத்தத்தையும் மறிச்சிடுங்க."

"நாம காலையில பிங் அடிச்சுப் பாக்கறது?"

"உங்க மேசைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் பிங் பதிலை விடுங்க. வேற எதுவும் வேண்டாம். இது நமக்குள்ள இருக்கட்டும்."

நான்கு வரி தட்டினேன். மணி நாலு பத்து. என் சொந்த நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். பதிவேட்டில் எழுதவில்லை. கதவைத் தட்டிய ஆள் பூட்டிய ஓர் அறையில் யாரோ அணைக்க மறந்த எங்களுடைய பழைய கண்காணிப்புக் கணினி என்பது மூன்று மாதம் கழித்துத் தெரிந்தது.

மறுநாள், வெள்ளிக்கிழமை, சுரங்கத்தின் ஒப்பந்தத் தொழிலாளர் கேட்டுக்குப் போகும் ரேடியோ இணைப்பை மாற்றும் வேலை. வேலை உத்தரவின்படி பழைய ரேடியோவை எடுத்துவிட்டு, தகவலைச் சங்கேதமாக்கி அனுப்பும் புதிய ஏற்பாட்டைப் பொருத்த வேண்டும். பொருத்தியவர் தனவேல். கம்மாபுரம் பக்கத்துக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத்தில் இருப்பவர். டவரில் ஏறினால் இறங்குவதற்குள் வேலையை முடித்திருப்பார். மாலை ஐந்தரைக்குப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஷிப்டில் கேட்டில் தகராறு. கேட் பாஸ் புதுப்பித்த நாற்பத்திரண்டு தொழிலாளர்களின் விரல்ரேகைப் பட்டியல் சர்வரிலிருந்து கேட் இயந்திரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இயந்திரத்துக்கு அவர்களை யாரென்றே தெரியவில்லை. பழைய ஆட்கள் விரல் வைத்தால் பதிவாகிறது. அந்தப் பதிவு உடனே எங்கள் சர்வருக்கும் வந்துவிடுகிறது. புது பாஸ்காரர்கள் வைத்தால் சிவப்பு விளக்கு. நான் போனபோது ஒரு அம்மாள் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து ஏழெட்டுத் தடவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மம்பட்டி புடிச்சுப் புடிச்சு வெரலு தேஞ்சு போச்சும்மா. ரேகையே இல்ல" என்றார் காவலாளி.

"தேஞ்சு போனா போன வாரம் மட்டும் எப்பிடிய்யா உள்ள வுட்ட? நேத்து நாயித்துக்கெழமை வூட்ல ஒக்காந்து தேச்சனா?"

மேற்பார்வையாளர் நாற்பத்திரண்டு பேரையும் நோட்டில் கையால் எழுதி உள்ளே விட்டார். பிரச்சினை அங்கேதான் வேறு வடிவம் எடுத்தது. கையால் எழுதினால் ஒருவருக்குப் பதில் இன்னொருவர் போகலாம். நாற்பத்திரண்டு பேரில் பாதிப்பேர் தனவேலைப் போலவே கம்மாபுரம் பக்கத்து ஆட்கள்; அவர்களுக்காகவே யாரோ வேண்டுமென்று கெடுத்திருக்கலாம் என்று பேச்சு கிளம்பியது.

சுந்தரேசன் கேட்டார்: "கடைசியா கை வெச்சது யாரு?"

நான் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன்.

பத்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார்: "வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வேற யாராவது அந்தப் பாதையைத் தொட்டாங்களா?"

"இல்லை சார்."

சொன்னது உண்மை. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு யாரும் தொடவில்லை. அவர் வியாழக்கிழமையைக் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை என்னிடம் ஒரு குறிப்பு எழுதி வாங்கினார். 'பதிவேட்டின்படி கடைசியாக வேலை செய்தவர் தனவேல். சிறிய தகவல்கள் போகின்றன. பெயர்ப் பட்டியல் மட்டும் போகவில்லை. திட்டமிட்டுச் செய்திருக்க வாய்ப்பு உண்டா என ஆராயலாம்.' கடைசி வாக்கியம் அவர் சொல்லச் சொல்ல எழுதியது. கையெழுத்து என்னுடையது.

அதற்குள் தனவேலைப் பற்றி வேறு ஒரு சங்கதி அவர் காதுக்கு வந்திருந்தது. சுரங்கத்துக்காக நிலம் எடுப்பதற்கு எதிராக ஊரில் நடந்த கூட்டத்துக்கு மைக் செட் கட்டியது அவர்தானாம். புதன்கிழமை அவருடைய கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மூன்று பேர் குழு விசாரணை. குற்றம் என்று ஆகிவிட்டால் பாஸ் நிரந்தரமாக ரத்து. நெய்வேலியில் எந்த ஒப்பந்தக்காரரும் அவரை வேலைக்குச் சேர்க்க முடியாது.

அந்த நான்கு நாளும் நானும் அவரைச் சந்தேகப்பட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. தினமும் காலையில் என் மேசையிலிருந்து கேட் இயந்திரத்துக்கு பிங் அடித்தேன். பதில் ஒழுங்காக வந்தது. பாதை நன்றாக இருக்கிறது, பட்டியல் மட்டும் போகவில்லை என்றால் யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பேருந்து நிலையத்தில் அவர் யாருடனோ பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, அதையும் மணியோடு நாட்குறிப்பில் எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்க்கக் கூசுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை மெயின் பஜார் டீக்கடையில் அவரே என்னிடம் வந்தார்.

"என்னா சார், டைரில எழுதிட்டீங்களா? அஞ்சே காலுக்கு தனவேலு டீ குடிச்சான், சக்கரை ரெண்டு ஸ்பூனுன்னு."

நான் கடைக்காரரிடம் எனக்கும் ஒரு டீ சொன்னேன்.

"மைக் செட்டு கட்டனது நெசந்தான். போன மாசம் உங்க ஆபீசர் வூட்டுக் காதுகுத்துக்கும் நாந்தான் கட்னேன். அதையும் சேத்து எழுதுங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன் சார். நான் கெடுக்கணும்னா கேபிள அறுத்துப் போட்டுட்டுப் போயிகினே இருப்பேன். சின்னது போவணும், பெருசு போவக் கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கெடுக்கற அளவுக்கு எனக்கு ஏது சார் படிப்பு? அந்தப் படிப்பு உங்க ரூம்லதான இருக்கு?"

சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் ஓடின. சின்னது, பெரிசு. என் காலை பிங் எவ்வளவு பெரிசு? முப்பத்திரண்டு பைட். ஒரு குறுஞ்செய்தியைவிடச் சின்னது. பெரிய பொட்டலத்தை அந்தப் பாதையில் நான் ஒரு தடவைகூட அனுப்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகம் காலி. என் மேசையிலிருந்து கேட்டுக்கு, வழியில் உடைக்கக் கூடாது என்ற குறியோடு, அளவைக் கூட்டிக் கூட்டி பிங் அடித்தேன். ஆயிரம் போனது. ஆயிரத்து முந்நூறு போனது. 1372 போனது. 1373-க்குப் பதில் இல்லை. திரும்ப அடித்தேன். இல்லை. ஏன் இல்லை என்று சொல்லும் செய்தியும் இல்லை, வெறும் மௌனம்.

எங்கள் மைய ரவுட்டருக்கும் கேட்டுக்கும் நடுவில் டவர் அறை ரவுட்டர் இருந்தது. மடிக்கணினியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் அங்கே போனேன். தனவேலுக்கும் போன் செய்து வரச் சொன்னேன். வந்தவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"உள்ள வாங்க தனவேல்."

"எதுக்கு சார்? உள்ள வந்தா அதுக்கு ஒரு நோட்டு போடுவீங்க. இங்க நின்னே தெரியுது, திரையக் கொஞ்சம் இப்பிடித் திருப்புங்க."

மின்கலங்களின் புளித்த வாடை. ஏசியிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மடிக்கணினியை டவர் ரவுட்டரிலேயே நேராகச் செருகி அதே 1373-ஐ அனுப்பினேன். அடுத்த கணமே திரையில் பதில் வந்தது. பொட்டலம் பெரிது, உடைத்துத்தான் அனுப்ப முடியும், நீயோ உடைக்கக் கூடாது என்கிறாய்.

எதிர்பார்க்க வேண்டிய செய்திதான். புதிய ரேடியோ சங்கேதத்துக்காகக் கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்கிறது; பாதை அந்த அளவுக்குக் குறுகிவிட்டது. உலகம் முழுக்க இப்படித்தான். ரவுட்டர் 'சிறிதாக்கு' என்று சொல்லும், சர்வர் கேட்டுக்கொண்டு சிறிதாக்கி அனுப்பும். கேட்டிலிருந்து வரும் விரல் பதிவுகள் சின்னவை, தடையில்லாமல் வந்தன. பட்டியல் பெரியது; சர்வர் அதையும் உடைக்கக் கூடாது என்ற குறியோடுதான் அனுப்பும்.

தனவேல் வாசற்படியிலிருந்து இரண்டு தடவை படித்தார்.

"இது இங்க நல்லா சொல்லிகினுதான் இருக்கு சார். உங்க ஆபீசுக்குப் போயி சேரல. நடுவுல எவனோ வாயப் பொத்தியிருக்கான்."

எவன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வியாழன், நாலு பத்து.

"நாந்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "எடுத்துடப் போறீங்களா?"

"இப்பவே போய் எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க சார். இப்ப எடுத்தா தானா சரியாயிடுச்சும்பாங்க. தனவேலு பயந்துகினு ராவோட ராவா சரி பண்ணிட்டான்னும் சொல்லுவாங்க. திங்கக்கெழமை வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

பாஸ் பறிபோன ஆள் சொன்னது அது. அலுவலகத்துக்குத் திரும்பி, மைய ரவுட்டரில் நான் தட்டிய வரியைத் திறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், அது எத்தனை செய்திகளை மறித்தது என்ற எண் இருக்கும். சர்வரில் பட்டியலை அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். எண் ஏறியது. நிறுத்தினேன். எண் நின்றது. மறுபடி அழுத்தினேன், மறுபடி ஏறியது. ஒன்பது நாட்களாக டவர் ரவுட்டர் சொன்னதை எல்லாம் என் வரி குப்பையில் போட்டிருந்தது. மூன்று முறை செய்து, மூன்றையும் மணியோடு அச்செடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் தாள்களைச் சுந்தரேசன் மேசையில் வைத்தேன். ஒரே மூச்சில் புரிந்துகொண்டார், அவ்வளவு கெட்டிக்காரர். முதல் கேள்வி: "இதை யார்கிட்டயெல்லாம் சொன்னீங்க?"

"தனவேல் கூட இருந்தார்."

பேனாவை உருட்டினார். "வரியைத் திருத்துங்க. லிஸ்ட் போயிடும். விசாரணையில 'காரணம் அறியப்படவில்லை'ன்னு முடிச்சுக்கலாம். அந்த ஆளுக்குப் பாஸ் கிடைச்சிடும். 'தொடர்ந்து கண்காணிக்கவும்'னு ஒரு வார்த்தை இருக்கும், அவ்வளவுதான்."

"அந்த ஒரு வார்த்தை இருந்தா அடுத்த வருஷம் பாஸ் புதுப்பிக்க மாட்டாங்க சார்."

"நீங்க எந்தப் பக்கத்து ஆளு? கம்மாபுரமா?"

"நகரியத்துல பிளாக் பத்தொன்பது சார்."

அவர் சிரிக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து வேறு வார்த்தைகளில் கேட்டார்: "உங்களுக்கு அந்தப் பக்கம் சொந்தபந்தம் யாராவது?"

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. பதினோரு மணிக்குக் குழு வந்து உட்கார்ந்ததும் முதலில் பிரிக்கப்போவது பதிவேட்டை. என் தாள்கள் கோப்புக்குள் போய்க் காணாமல் போகலாம். பக்க எண் அச்சிட்ட பதிவேட்டுத் தாளைக் கிழிக்க முடியாது. வெளி அறைக்கு வந்து, வெள்ளிக்கிழமைப் பதிவுக்கு அடுத்த பக்கத்தில் எழுதினேன்:

'வியாழன் மாலை 4.10. மைய ரவுட்டர். பிங் வகைக் கட்டுப்பாட்டுச் செய்திகள் அனைத்தையும் மறித்தல். உத்தரவு: வாய்மொழி, பிரிவுத் தலைவர். செய்தவர்: கீழே கையெழுத்திட்டுள்ள நான். அன்று பதியத் தவறினேன். பட்டியல் போகாததற்குக் காரணம் இதுவே. மறுநாள் தனவேல் செய்த வேலையில் குறை இல்லை.'

பதிவேட்டை அவர் முன்னால் வைத்தேன். வழக்கப்படி ஓரத்தில் இனிஷியல் போட வேண்டும். பேனாவின் மூடியைக் கழற்றி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு ஒரு கேள்விக்குறி போட்டார். அதன் பொருளை இன்றுவரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

குழு அந்தப் பக்கத்தைப் படித்தது. தாள்களைக் கேட்டு வாங்கியது. பன்னிரண்டே காலுக்கு 'சிறிதாக்கு' என்ற செய்தியை மட்டும் அனுமதிக்கும் வரியைச் சேர்த்தேன். நாற்பத்திரண்டு பெயர்களும் ஒரு நிமிடத்துக்குள் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. நாலு மணிக்குத் தனவேலின் பாஸ் திரும்பியது. எந்த வார்த்தையும் இல்லாமல்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஐப்பசியில் ஸ்டோர்ஸுக்கு மாற்றல். கடைசி நான்கு ஆண்டுகளில் ரவுட்டர் பக்கமே விடவில்லை. அட்டைப்பெட்டிகளை எண்ணினேன், மனத்தாங்கல் இல்லை, நிறையப் படித்தேன்.

ஆகவே பாத்திமா, சர்க்குலர் சொல்கிறபடி மூடினாலும் சரி, மூடாவிட்டாலும் சரி; அது உங்கள் பிரிவின் முடிவு. எந்தச் செய்தியை மூடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். யார், எத்தனை மணிக்கு மூடினார் என்பதை அந்தப் பதிவேட்டில் எழுதுங்கள். அதைக் காலிசெய்து எடைக்குப் போடாதீர்கள். இன்னொருவருக்கும் அது தேவைப்படுகிறது.

அந்தத் திங்கட்கிழமை மாலை, பாஸை வாங்கியதும் தனவேல் எங்கள் அறைக்கு வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். பதிவேட்டைக் காட்டச் சொன்னார். நின்றபடியே முழுக்கப் படித்தார். பச்சைக் கேள்விக்குறியை உற்றுப் பார்த்தார். "இதுக்கு என்னா சார் அர்த்தம்?" என்றார். தெரியாது என்றேன். போனை எடுத்து, பக்க எண்ணும் தெரிகிற மாதிரி மூன்று படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் ஓய்வு பெற்ற அன்று பூமாலையோடு வந்தார். அவர் போனைப் பார்த்தேன், புதுசு. படங்கள் அதிலும் இருந்தன. ஒவ்வொரு தடவை பாஸ் புதுப்பிக்கப் போகும்போதும் முதலில் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாராம்.

"இன்னும் எதுக்குங்க அது? நானே ரிடையர் ஆயிட்டேன்" என்றேன்.

"நீங்க ஆயிட்டீங்க சார்" என்றார். "பதிவேடு ஆவலியே."